பதினோராம் பக்கம்

சத்துவாச்சாரியில் மூன்றாம் மாடி.
ராத்திரி ஏழரைக்கு நான் ஹெட்செட்டை மாட்டும்போது
அந்தத் தீவில் காலை பத்து மணி.
பெயர் சொல்லக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
கரீபியன் கடலில் என்பது வரை சொல்லலாம்.

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று
எங்கள் ஊரின் இல்லாமைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு.
கடலில்லாத கடல் விபத்து,
இது நான் சேர்த்தது.
பாலாற்று மணலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
சொறிமீன் தீண்டிய முழங்காலுக்கு எண் போடுகிறேன்.
மூரை முள் ஏறிய குதிகால்.
வாடகை ஸ்கூட்டர், இடது மணிக்கட்டு.
தேங்காய் விழுந்த தலைக்கும், நம்புங்கள்,
எண் இருக்கிறது.

நாலு தையல், ஆயிரத்து இருநூறு டாலர்.
சேர்ந்த புதிதில் ரூபாயாக்கிப் பார்ப்பேன்.
பெருக்காதே, தூக்கம் போய்விடும் என்றாள்
டீம் லீடர் ஜெசிந்தா.
விட்டுவிட்டேன்.

நேற்று வந்த கோப்பு:
ஆண், அறுபத்தேழு.
பஃபே வரிசையில் தட்டோடு சரிந்திருக்கிறார்.
தீவில் இருதயத்துக்கு ஆளில்லை.
மயாமிக்கு ஒரு குட்டி விமானம்,
ஒரு நர்ஸ், ஒரு ஸ்ட்ரெச்சர்,
முப்பத்தெட்டாயிரம் டாலர்.
பெருக்கினேன்.
காங்கேயநல்லூரில் ஒரு வீடு வரும், கிணற்றோடு.

பாலிசி இருந்தது.
விமானமும் அதில் இருந்தது.
இல்லாததைத் தேடுவதுதான் எனக்குச் சம்பளம்.
பதினோராம் பக்கத்தில் கிடைத்தது,
டாக்டரின் கோணல் கையெழுத்தில்:
மனைவி சொல்கிறார், இரண்டு வருடம் முன்பு
லேசான தலைசுற்றல், மாத்திரை எடுத்தார்,
பெயர் நினைவில்லை.

படிவத்தில் அவர் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார்.
தலைசுற்றலை யார் ஞாபகம் வைப்பார்கள்?
அந்த அம்மாள் வைத்திருந்தாள்.
பிழைக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.
அந்த வரிக்கு மஞ்சள் அடித்து
மேலே அனுப்பினேன்.

இந்த மாதம் என் துல்லியம்
தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

விடிகாலை வேன் என்னை இறக்கிவிடுவது
ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில்.
வங்காளத்தில் எழுதிய லாட்ஜ் பலகைகள்,
கடுகெண்ணெய் வாசம்,
அறை முந்நூற்றைம்பது, அடுப்புக்குத் தனி.
எக்ஸ்ரே உறையைக் குழந்தைபோல் அணைத்தபடி
டோக்கனுக்குக் கிளம்புகிறவர்கள்.
இவர்களும் பயணிகள்தான்.
படிவத்தில் நோக்கம் என்ற கட்டத்தில்
சுற்றுலா என்று எழுத முடியாதவர்கள்.

கீழ் அறையில் ஷெஃபாலி மண்டல்,
மால்டாவுக்குப் பக்கம், ஒன்பதாம் நாள்.
புருஷன் நிமாய்க்கு வயிற்றில் என்னவோ.
கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ், ஏழு மாதம்தான் ஆகிறது.
நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
மாடிப்படியில் வழிமறித்தாள்.
என் இந்தியும் அவள் இந்தியும் சேர்ந்தால் அரை இந்தி.
இன்று பெரிய டாக்டர், என்றாள்.
எப்போதிலிருந்து வலி என்று கேட்பார்.
என்ன சொல்ல?

எப்போதிலிருந்து?

மூன்று விரல்களை விரித்தாள்.
ஒன்றை மடக்கினாள்.
என் முகத்தைப் பார்த்து
மறுபடி விரித்தாள்.

ஏழு மாதத்துக்குள் என்றால் பாலிசி பிழைக்கும்.
மூன்று வருடம் என்றால்
ஒருவேளை நிமாய்.
எங்கோ ஒரு மூன்றாம் மாடியில்
மஞ்சள் பேனாவோடு ஒருத்தி
பதினோராம் பக்கத்தைத் திருப்புவாள்,
என்னைவிடத் துல்லியமாக.

மூன்று வருடம் என்றே சொல்லுங்கள், என்றேன்.
குரல் கம்மியிருந்தது, ஏசி பழக்கம்.

மறக்காமலிருக்க
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.
ஐந்து மணிக்கே வேலூர்ப் புழுக்கம்,
மை அப்போதே கசியத் தொடங்கிவிட்டது.
அவர்கள் எழுத்தில் மூன்று
ஒரு கடல் நத்தைபோல்
சுருண்டிருந்தது.